பத்திரத்தில் ஏறாத தண்ணீர்

மதுரை மாவட்டத்து மேலூர்ப் பக்கம் நஞ்சை நிலம் ஒன்றின் கிரயப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, ஏக்கர், சென்ட் என்று நிலத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கும். கிழக்கே யாருடைய வயல், மேற்கே எந்த வாய்க்கால் என்பது வரை விவரம் இருக்கும். அரை சென்ட் குறைந்தால்கூட வாங்குகிறவர் அளவையரைக் கூப்பிடுவார். இவ்வளவும் முடிந்த பிறகு, பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் எழுதி முடிக்கும் ஒரு வரி வரும்: மாமூல் நீர்ப்பாசனப் பாத்தியம், மாமூல் வண்டிப்பாதை, கிணற்றில் நாலில் ஒரு பங்கு.

அவ்வளவுதான். எத்தனை கன அடி, எத்தனை நாள், எந்த மாதம் என்று ஒன்றும் இருக்காது. அந்த நிலத்துக்கு நஞ்சை என்று பெயர் வந்ததும் விலை ஏறியதும் தண்ணீரால்தான். பத்திரத்தில் அதற்குக் கிடைத்த இடமோ ‘மாமூல்’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், தண்ணீர் கிளம்பும் இடத்திலிருந்து அதன் கூடவே நடந்து வர வேண்டும்.

அது கிளம்பும் இடம் மேலூருக்குப் பக்கத்தில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரியாறும் முல்லையாறும் கூடும் காடு அது. தன் போக்கில் விட்டால் பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழும். மதுரைக்கு அதில் ஒரு சொட்டுக்கும் உரிமை கிடையாது.

இது ஆற்றங்கரைச் சட்டத்தின் பழைய விதி. ஓடும் ஆற்றின் தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. காற்றையும் கடலையும் போல அது பொது என்று ரோமானியச் சட்டமே சொன்னது. கரையில் நிலம் வைத்திருப்பவருக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் உண்டு. 1882-ல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டம் இதை வரிசையாக எழுதி வைத்தது. குடிக்கலாம், வீட்டுப் புழக்கத்துக்கு எடுக்கலாம், ஆடு மாட்டுக்குக் காட்டலாம். கரையோர நிலத்துக்குப் பாய்ச்சவும் செய்யலாம். கீழே உள்ள கரைக்காரருக்குக் கணிசமான கேடு வரக் கூடாது. உரிமை கரையோர நிலத்தோடு ஒட்டியது. அந்த நிலத்தை விட்டு விலகி, மலையைத் தாண்டி வேறொரு ஆற்றுப் படுகைக்குத் தண்ணீரைக் கொண்டுபோக அது யாருக்கும் இடம் தருவதில்லை.

1876 முதல் 1878 வரை நீண்ட பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கிப் போட்டது. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை அதன் பிறகுதான் வேகம் பிடித்தது. ஆறு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. சென்னை அரசுக்கு அங்கே கரையும் இல்லை, உரிமையும் இல்லை. அதனால் பாலுக்காக மாட்டையே குத்தகைக்குப் பிடிப்பதுபோல ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள். தண்ணீர் தேங்கப் போகும் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துவிட்டு, அந்த நிலத்தின் மேல் சேரும் தண்ணீரைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான குத்தகைப் பத்திரம் அது. அணை கட்டும் இடத்தில் ஆற்றின் மிக ஆழமான புள்ளியிலிருந்து 155 அடி உயரத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே வரும் ஏறத்தாழ 8,000 ஏக்கர் குத்தகை நிலம். காலம் 1886 ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகள். வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய். நஞ்சை, புஞ்சை, மேடு, பள்ளம் என்ற பேச்சே அங்கு தேவைப்படவில்லை. தண்ணீருக்கு அடியில் போகப் போகிற நிலத்துக்கு அதெல்லாம் எதற்கு?

பொறியாளர் பென்னிகுயிக்கின் ஆட்கள் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கல்லும் கொண்டு அணையை எழுப்பினார்கள். மலையைக் குடைந்து, ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் சுரங்கம் வெட்டினார்கள். 1895 அக்டோபரில் தண்ணீர் கிழக்கே திரும்பியது. கட்டிய கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். குத்தகைப் பத்திரத்தின் கதையும் அந்த அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டியது.

பத்திரம் தந்த தண்ணீர் எதற்கான தண்ணீர் என்ற கேள்வி வந்தது. சென்னை அரசு சுரங்க முனையிலிருந்து விழும் வேகத்தில் மின்சாரம் எடுக்க நினைத்தது. குத்தகை பாசனத்துக்குத்தான் என்றது திருவிதாங்கூர். நடுவரிடம் போன வழக்கில் 1941-ல் திருவிதாங்கூர் பக்கம் தீர்ப்பு வந்தது. தண்ணீரைக் கொண்டுபோகலாம், அது விழும் வேகத்தைக் கொண்டுபோக முடியாது. பின்னால் பேசித் தீர்த்துக்கொண்டு, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் மின் நிலையம் வந்தது. 1970 மே மாதத்தில் கேரளமும் தமிழ்நாடும் எழுதிக்கொண்ட ஒப்பந்தங்கள் அதற்கு முறைப்படி இடம் தந்தன. ஏக்கர் வாடகை 30 ரூபாய் ஆனது. மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையைத் தமிழ்நாடு கேரளத்துக்கே விட்டுக்கொடுத்தது.

தோப்பில் நிற்கும் ஒரே வாழையின் இலையை ஒருவருக்கும் தாரை இன்னொருவருக்கும் விற்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். அந்த ஏரியின் அடிநிலம் ஒருவருக்குச் சொந்தம், இன்னொருவருக்குக் குத்தகை. தண்ணீர் கிழக்கே போகும். மீன் மேற்கே போகும். விழும் வேகத்துக்குத் தனி விலை. தேங்கும் உயரம்கூட ஓர் உரிமைதான். முழு மட்டம் 152 அடி என்று கட்டிய அணையில் 1979-ல் அணையின் உறுதி பற்றிய அச்சத்தால் 136 அடியாகக் குறைத்தார்கள். 2006-லும் மறுபடி 2014-லும் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கீழே குடியிருக்கும் கேரள மக்களின் பயம் ஒரு பக்கம், கிழக்கே காத்திருக்கும் வயல்கள் மறு பக்கம். நடுவில் ஒவ்வோர் அடியும் வழக்கு.

சுரங்கம் தாண்டி, குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் சுழலிகளைச் சுற்றிவிட்டு வெளியே வரும்போது தண்ணீரின் சட்டப் பெயர் மாறிவிடுகிறது. மலைக்கு மேலே அது குத்தகைதாரர் தண்ணீர். கீழே அது அரசுத் தண்ணீர். 1905-ல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஆறு, ஓடை, ஏரி, வாய்க்கால் மட்டுமல்ல, நிற்கும் தண்ணீரும் ஓடும் தண்ணீரும்கூட அரசின் சொத்து என்று அறிவித்தது. பிறருக்கு ஏற்கெனவே இருக்கும் இயற்கை உரிமைக்கும் வழக்காற்று உரிமைக்கும் உட்பட்டு என்ற நிபந்தனையும் அதே வரியில் உண்டு. 1882 சட்டத்தின் இரண்டாம் பிரிவும் இதற்குத் துணை. ஆற்றுத் தண்ணீரையும், பொதுச் செலவில் வெட்டிய வாய்க்கால் தண்ணீரையும் தேக்கி, பகிர்ந்து, ஒழுங்குபடுத்தும் அரசின் அதிகாரத்தை இந்தச் சட்டம் குறைக்காது என்கிறது அது.

ஆக, கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கும் தண்ணீருக்கு ஆணை போடுவது அரசு. இருபோக நிலம் 14,707 ஏக்கர். மழையும் அணை மட்டமும் ஒத்துழைத்தால் ஜூன் 1 அன்று மதகு திறக்கும். வினாடிக்கு 200 கன அடி பாசனத்துக்கு, 100 கன அடி குடிநீருக்கு என்று ஆணை வரும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயல்கள் நனைய, மிச்சம் வைகையில் கலந்து வைகை அணைக்குள் போகிறது.

அங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் 1959-ல் திறந்த அந்த அணையில் 71 அடிக்கு நிரம்பினால் 6,091 மில்லியன் கன அடி நிற்கும். அதற்குள் மலை தாண்டி வந்த பெரியாற்றுத் தண்ணீரும், வருசநாட்டு மலையிலிருந்து வந்த வைகைத் தண்ணீரும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எந்தத் துளி எந்த ஆற்றுடையது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. ஆனால் பொறியாளரின் பேரேட்டில் பெரியாற்றுக் கணக்கு தனி, வைகைக் கணக்கு தனி. வைகைக் கணக்கில் இருப்பது பழைய ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு. அதில் ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2. பெரியாற்றுக் கணக்கில் இருப்பது பெரியாற்றுப் பாசனப் பரப்பான ஆயக்கட்டுக்கு. வங்கியில் போட்ட ரூபாய் நோட்டையே யாரும் திருப்பிக் கேட்பதில்லை, தொகையைத்தான் கேட்கிறோம். தண்ணீர் உரிமையும் அப்படித்தான். குறிப்பிட்ட ஒரு துளியின் மேல் யாருக்கும் உரிமை கிடையாது. அளவின் மேலும் முறையின் மேலும்தான் உண்டு.

வைகை அணைக்குக் கீழே, பேரணையில் பெரியாறு பிரதான வாய்க்கால் பிரிகிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதைத் தாண்டி மேலூரும், தனியே பிரியும் வாய்க்காலில் திருமங்கலமும் ஒருபோகம், 1,05,002 ஏக்கர். கள்ளந்திரி மதகுக்கு இந்தப் பக்கம் ஆண்டுக்கு இரண்டு நெல், அந்தப் பக்கம் ஒன்று. மண்ணில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ஆயக்கட்டுப் பதிவேட்டில் ஊர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். மழை குறைந்த ஆண்டில் திறப்பு ஆணை எப்போது வரும் என்று வானத்தைவிட அதிகமாகக் கலெக்டர் ஆபீசைப் பார்த்துக் காத்திருப்பவர்கள் இந்த மதகுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்.

பத்திரத்தில் வரும் மாமூலின் முதல் பொருள் இங்கேதான் கிடைக்கிறது. ஆயக்கட்டில் பதிவான நஞ்சைக்காரருக்கு வாய்க்கால் தண்ணீர் சொந்தமல்ல. வழக்கமாக வந்த அளவு தொடர்ந்து வர வேண்டும் என்று கேட்கும் உரிமை உண்டு. அரசு மதகை மாற்றலாம், வாய்க்காலைத் திருப்பலாம், முறை வைக்கலாம்; வழக்கமான அளவைக் குறைத்து அவர் பயிருக்குக் கேடு செய்யக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகள் பலவற்றின் சாரம் இதுதான். நஞ்சைத் தீர்வையில் தண்ணீரின் விலையும் அடக்கம் என்பதால் வந்த உரிமை அது. புஞ்சை என்று பதிவான நிலத்துக்காரர் அரசுத் தண்ணீரைப் பாய்ச்சினால் தனியாகத் தண்ணீர்த் தீர்வை கட்ட வேண்டும் என்று 1865-லேயே சட்டம் வந்துவிட்டது. ஜமாபந்தியில் கிராமக் கணக்கைப் பிரித்தால், எந்தப் பசலி ஆண்டில் எந்தப் புஞ்சை தண்ணீர் குடித்தது என்பதெல்லாம் தெரியும்.

வாய்க்காலிலிருந்து தண்ணீர் ஊர்க் கண்மாய்க்கு வருகிறது. கண்மாய் என்பது வாழைமர உவமைக்கு இன்னும் பொருத்தமான இடம். அடிநிலம் அரசுப் புறம்போக்கு. யார் பெயரிலும் பட்டா கிடைக்காது. கரையும் மடையும் ஆயக்கட்டு பெரிதானால் நீர்வளத் துறையின் பொறுப்பு, சிறிதானால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு. மீன்பாசி ஏலம் எடுத்தவருக்கு. உள்வாயில் நிற்கும் மரத்துக்கு ஒரு கணக்கு, அள்ளும் வண்டலுக்கு வேறொரு அனுமதி. மீன் ஏலம் எடுத்தவர் தண்ணீர் நிற்க வேண்டும் என்பார். நெல் வைத்தவர் மடையைத் திற என்பார். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆயக்கட்டுக்காரர்களுக்குக் கடமையும் இருந்தது. குடிமராமத்து என்ற பெயரில் கரையை மேடாக்கவும் வரத்துக்காலைத் தூர் வாரவும் வீட்டுக்கு ஓர் ஆள் போக வேண்டும். போகாத வீட்டுக்கு மடையில் முறை தள்ளிப்போகும். உரிமையும் உழைப்பும் ஒரே மண்வெட்டியில் இருந்த காலம் அது.

மடையைத் திறப்பவர் நீர்பாய்ச்சி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற கணக்கு அவர் தலையில் இருந்தது. மடையிலிருந்து கடைசி வயலுக்குத் தண்ணீர் போக வேண்டுமானால் நடுவில் பத்து பேர் வயலைக் கடக்க வேண்டும். மாமூலின் இரண்டாவது பொருள் இதுதான்: அடுத்தவர் நிலத்தின் வழியாகத் தண்ணீர் கொண்டுபோகும் பாத்தியம். வசதியுரிமை என்று சட்டம் இதைச் சொல்கிறது. ஒரு நிலம் அனுபவிக்கிறது, இன்னொரு நிலம் தாங்கிக்கொள்கிறது. நிலம் கைமாறினாலும் பாத்தியம் நிலத்தோடு போகும், ஆளோடு போகாது. இருபது ஆண்டு தடையில்லாமல், வெளிப்படையாக, சண்டை சச்சரவில்லாமல், உரிமை என்ற நினைப்போடு அனுபவித்தால் அது நிலைத்த உரிமையாகிவிடும். தாங்கும் நிலம் அரசுடையதானால் முப்பது ஆண்டு.

“எங்க அய்யா காலத்துல இருந்து இந்த வாய்க்கால்லதான் பாயுது” என்பார் ஒருவர். “ஒங்க அய்யா எங்க அய்யாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுத்தானப்பா பாய்ச்சுனாரு” என்பார் அடுத்தவர். முன்சீப் கோர்ட்டில் பல ஆண்டு நடக்கும் வழக்கு முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கும். கேட்டுப் பாய்ச்சியதானால் அது அனுமதி. அனுமதி எத்தனை ஆண்டு ஓடினாலும் உரிமையாகாது. கொடுத்தவர் ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கேட்காமல், இது என் வழி என்று பாய்ச்சியதானால் இருபதாம் ஆண்டு அது அசைக்க முடியாத பாத்தியம். மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்ட அப்பனால் மகன் வழக்கில் தோற்பதும் நடக்கும்.

வயலை நிரப்பிய தண்ணீரில் ஒரு பகுதி நெல்லுக்கு, ஒரு பகுதி வெயிலுக்கு. மீதி வேருக்குக் கீழே மெல்ல இறங்குகிறது. இதுவரை வந்த பயணத்தில் நடக்காத ஒன்று அங்கே நடக்கிறது. தண்ணீருக்கு முதலாளி கிடைக்கிறார்.

1882 சட்டத்தின் ஏழாம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு. வரையறுத்த கால்வாயில் ஓடாத நிலத்தடித் தண்ணீர் முழுவதையும் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளவும் விரும்பியபடி கையாளவும் நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது அது. இதன் வேர் 1843-ல் இங்கிலாந்தில் வந்த ஆக்டன்–பிளண்டல் தீர்ப்பில் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம் தோண்டியவர்களால் பக்கத்தில் ஒரு பருத்தி ஆலையின் கிணறு வறண்டது. ஆலைக்காரர் தோற்றார். மண்ணுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியாததற்கு ஆற்றின் விதியைப் பொருத்த முடியாது என்பது தீர்ப்பின் போக்கு. அன்றைய நிலவியல் அறிவின் எல்லை, இன்றைக்கும் நம் கிணற்றுக்குச் சட்டம்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு அரசுகள் 999 ஆண்டுக்கு எழுதிக்கொண்ட பத்திரம், உச்ச நீதிமன்றம் அடிக்கணக்கில் அளந்த உயரம், பேரேட்டில் பிரித்த கணக்கு, ஆண்டுதோறும் வரும் அரசாணை, நீர்பாய்ச்சியின் நாழிகை. கண்ணுக்குத் தெரிகிற வரை இத்தனை கண்காணிப்பு. வேருக்குக் கீழே இறங்கிக் கண்ணுக்கு மறைந்ததும், அதே தண்ணீர் யார் மோட்டார் பெரிதோ அவருடையது. நிலமே இல்லாத கூலிக்காரருக்கு அதில் கேட்கக்கூட இடமில்லை; உரிமை நிலத்தின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது.

இதை மாற்றப் பார்க்காமலும் இல்லை. கேரளத்தின் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலை ஒன்று நிலத்தடி நீரை உறிஞ்சிய வழக்கில், நிலத்தடி நீரும் மக்கள் சொத்து, அரசு அதற்குக் காவலாள் மட்டுமே என்று 2003-ல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் அமர்வு பழைய விதிக்கே திரும்பியது. தமிழ்நாட்டிலும் 2003-ல் நிலத்தடி நீர் மேம்பாட்டுச் சட்டம் ஒன்று நிறைவேறியது. பத்து ஆண்டு நடைமுறைக்கே வராமல் இருந்து, 2013-ல் அது ரத்தானது. பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு, இறைக்கும் செலவு என்ற கடைசித் தடையும் பெரும்பாலும் போய்விட்டது.

மாமூல் வரியின் கடைசித் துண்டுக்கு இப்போது வந்திருக்கிறோம்: கிணற்றில் நாலில் ஒரு பங்கு. தாத்தா வெட்டிய ஒரு கிணறு. பாகப்பிரிவினையில் நாலு மகன்கள் வயலைப் பிரித்துக்கொண்டார்கள். கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. ஆளுக்கு ஒருநாள் முறை வைத்துக் கமலை ஓட்டினார்கள். பிறகு மோட்டார் வந்தது, முறை மணிக்கணக்கானது. நீர்மட்டம் கீழே போனபோது கிணற்றை ஆழப்படுத்தும் செலவை நாலாகப் பங்கு போடப் பேசினார்கள், ஒத்துவரவில்லை. கையில் காசு இருந்த ஒருவர் தன் பாகத்தில், கிணற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி, போர் போட்டார். பொதுக்கிணறு வறண்டது. அண்ணன் தம்பிகள் வக்கீலைப் பார்த்தார்கள். போர் போட்டவர் தன் நிலத்துக்கு அடியில் இருப்பதைத்தானே எடுக்கிறார் என்று சொல்லி வக்கீல் கைவிரித்தார். மேலூர்ப் பக்கம் என்றில்லை, தமிழ்நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள எந்த ஊரிலும் இந்தக் கதை கேட்கலாம்.

வாய்க்காலில் அடுத்தவர் வயலுக்கு மேலே ஒரு மண் அணை போட்டாலே வழக்கு வரும். மண்ணுக்கு அடியில் ஊரையே வறள வைத்தாலும் வராது. 1843-ல் தெரியாதது இன்று தெரியும். கண்மாய் நிரம்பினால் கிணறு ஊறும் என்பது மேலூரில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மேலே ஓடுவதும் கீழே ஊறுவதும் ஒரே தண்ணீர் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது சட்டப் புத்தகம் மட்டும்தான்.

நாலு பேரில் ஒருவர் நிலத்தை விற்கிறார். பத்திர எழுத்தர் தாய்ப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். நான்கெல்லை சரி, சர்வே எண் சரி, சென்ட் சரி. கடைசி வரிக்கு வரும்போது அவர் தலை நிமிர்வதில்லை. பழைய பத்திரத்தில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதி முடிக்கிறார்: கிணற்றில் நாலில் ஒரு பங்கு.